பெண்களும் தொற்றுநோய்களும்: செட்டிநாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பொன்னமராவதி வட்டாரங்களில் வாழும் பெண்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, பெண்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் கேள்விகளுக்கே இங்கு கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

கிருமி ஆண், பெண் என்று பார்த்தா தொற்றுகிறது?

கிருமி பார்ப்பதில்லை. உடலமைப்பினால் வரும் வேறுபாடுகள் சில உண்டு. பெண்ணின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளது, ஆணுக்கு அது 20 செ.மீ. வரை இருக்கும். அதனால் சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு எளிதில் வருகிறது. கருவுற்றிருக்கும்போது நோயெதிர்ப்பு முறையிலும் நுரையீரலின் இயக்கத்திலும் மாற்றங்கள் நேர்வதால் இன்ஃப்ளூயன்சா கடுமையாகிறது. அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஈ என்ற மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தொற்றினாலோ நூற்றில் 20 முதல் 25 பெண்கள் வரை உயிரிழக்கக்கூடும்.

ஆனால் எஞ்சிய பெரும்பகுதியை உடல் தீர்மானிப்பதில்லை. நோயாளியின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் கையில் பணம் இருக்கிறது, யாருடைய சம்மதம் கிடைத்தால் மருத்துவமனைக்குப் புறப்படலாம் என்பவையே தீர்மானிக்கின்றன. ட்ரகோமா என்ற கண் தொற்றினால் பார்வை இழப்போரில் பெண்கள் ஆண்களைவிட நான்கு மடங்கு வரை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தொற்றுள்ள குழந்தைகளை ஓயாமல் தூக்கி வளர்ப்பவர்கள் பெண்கள் என்பதே அதற்கு முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. என் எண்ணத்தில், இதில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான சொல் ‘தாமதம்’. தொற்று எல்லோருக்கும் வருகிறது. பெண்ணிடம்தான் அதற்கு வளர்வதற்குப் போதிய காலம் கிடைக்கிறது.

காசநோய் ஆண்களுக்குத்தானே அதிகம் வருகிறது? பிறகு ஏன் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும்?

ஆண்களுக்கு அதிகம் வருகிறது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில் உலகில் காசநோய்க்கு ஆளான ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேரில் ஆண்கள் 55 விழுக்காடு, பெண்கள் 33 விழுக்காடு, எஞ்சியோர் குழந்தைகள். புகை, மது, வெளியிடங்களில் நெரிசலாகப் பழகுவது, கல்குவாரி போன்ற தூசி நிறைந்த வேலை ஆகியவை ஆண்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. ஆணுக்கும் சமூகம் வகுத்த வாழ்க்கைமுறை தீங்கு செய்கிறது என்பதை இது காட்டுகிறது.

ஆனால் எத்தனை பேருக்கு வருகிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஆணைப் பார்த்து, ‘போய்ப் பரிசோதித்துக்கொள்’ என்று வீட்டில் நாலு பேர் சொல்கிறார்கள். அதே இருமல் பெண்ணுக்கு வந்தால் அடுப்புப் புகை, மிளகாய் வறுத்த நெடி, மழையில் நனைந்தது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலையைத் தொடர்கிறாள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் வேலைக் களைப்பாகவே கணக்கில் வைக்கப்படுகின்றன.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெஞ்சின் ஆழத்திலிருந்து சளியைக் காறி எடுத்துக் கொடுக்க வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் காறித் துப்புவது பெண்ணுக்கு அழகல்ல என்று சிறுவயது முதல் சொல்லி வளர்க்கப்பட்டவள் எச்சிலை மட்டும் உமிழ்ந்து கொடுத்துவிடுகிறாள். கிருமி அதில் அகப்படாமல் போகிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சளியை எப்படி எடுக்க வேண்டும் என்று பெண்களுக்குச் சில நிமிடங்கள் விளக்கிச் சொன்னதாலேயே கூடுதலான பெண்களிடம் நோய் கண்டறியப்பட்டது. ஆகவே காலையில் எழுந்தவுடன், வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக உள்ளிழுத்துப் பிடித்து, திறந்த வெளியில் தனியாக நின்று இருமிச் சளியை எடுக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் கூச்சமாக இருந்தால் குப்பியை வீட்டுக்கு வாங்கிச் செல்லலாமா என்று கேட்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நுரையீரலுக்கு வெளியே, கழுத்து நெறிக்கட்டி, வயிறு, கருப்பை, கருக்குழாய் ஆகிய இடங்களில் வரும் காசநோயில் இருமலே இல்லாமல் போகலாம்.

முறுக்கு, சீடை சுட்டு விற்கும் பெண்ணுக்குக் காசநோய் என்றால் அந்தப் பலகாரத்தைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். காசநோய் உணவாலும் தட்டு, தம்ளர், துணியாலும் பரவுவதில்லை. நுரையீரல் நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளை அருகில் இருப்பவர் சுவாசிப்பதால் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலோரிடம் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தக் கேள்வி மேலோட்டமாகப் பார்ப்பதைவிடப் பெரியது. செட்டிநாட்டுப் பலகாரம் இன்று பல குடும்பங்களுக்கு வருமானம். கல்யாண வீட்டுக்கும் வெளியூருக்கும் சுட்டுக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் ஆர்டர் நின்றுவிடும் என்ற அச்சமே அவர்களைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. வாங்குகிறவர்களின் தவறான நம்பிக்கை சுடுகிறவரின் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது என்பதை நாம் எல்லோரும் உணர வேண்டும். தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்குவதால் மருத்துவ நன்மை ஒன்றும் இல்லை. அவமானம் மட்டுமே மிஞ்சுகிறது.

டைஃபாய்டும் ஹெப்படைட்டிஸ் ஏயும் வேறு வகை. அவை உணவின் வழியாகப் பரவக்கூடியவை என்பதால், அந்த நோய்கள் இருக்கும்போது மருத்துவர் சொல்லும்வரை பிறருக்குச் சமைப்பதை நிறுத்த வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பெண்கள் சாப்பிடுவது நம் வழக்கம். அதற்கும் தொற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இருக்கிறது. கடைசியாக உட்காருபவருக்குச் சோறும் ரசமும் மிஞ்சும். கறியும் முட்டையும் பருப்பும் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கே உண்டு. மாதவிடாயும் மகப்பேறும் இதற்குக் காரணங்களே என்றாலும், இழந்த இரும்புச்சத்தை உணவால் ஈடுசெய்யாத வழக்கமும் சேர்ந்துதான் இந்த இடைவெளி உருவாகிறது.

இந்தியாவில் காசநோயைத் தூண்டும் காரணங்களுள் ஊட்டக்குறைவு முதலிடத்தில் நிற்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. சத்தான உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. உணவும் ஒரு தடுப்பு மருந்தாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, சத்தான உணவு வாங்குவதற்காக, நிக்ஷய் போஷன் என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. அந்தப் பணம் பெண்ணின் வங்கிக் கணக்கில் விழுந்தாலும் வீட்டு மளிகையில் கரைந்துவிடக் கூடாது. அது அவளுடைய முட்டைக்கும் பாலுக்கும் கடலைக்குமான பணம். மாமியாரும் கணவரும் இதை ஒப்புக்கொண்டு, அவள் தட்டில் முதலில் பரிமாறினால் மருந்தின் பாதி வேலை நடந்துவிடும்.

கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். எனக்கு என்ன பரிசோதனை தேவை?

கடல் கடந்து பொருள் தேடுவது இந்த மண்ணுக்குப் பழையது. அன்று பர்மா, மலேயா, இலங்கை. இன்று சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள். அன்றும் இன்றும் வீட்டைத் தாங்கி நிற்பவர் பெண்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் ஆணுக்கு விசா கிடைக்கும் முன்பே நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனைகள் நடக்கின்றன. அந்த நாடுகள் தங்கள் நலனுக்காகக் கேட்பதாலேயே அவை நடக்கின்றன. ஊரில் இருக்கும் மனைவியின் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க யாரும் கேட்பதில்லை. மகப்பேறு காலம் தவிர வேறு எப்போதும் அவளுக்கு எந்தப் பரிசோதனையும் நடப்பதில்லை. புறப்படும்போது எடுத்த சான்றிதழைக் காட்டி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லும் கணவர், மூன்று ஆண்டு கழித்துத் திரும்பும்போது புதிதாக ஒரு பரிசோதனை செய்துகொள்வதும் அரிது.

உடலுறவில் எச்.ஐ.வி. ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பரவும் வாய்ப்பு, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவும் வாய்ப்பைவிடக் கூடுதல். உடலமைப்பே அதற்குக் காரணம். உலக அளவில் 2023இல் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்களில் 44 விழுக்காட்டினர் பெண்களும் சிறுமியருமே. ஆணுறையைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘என்னைச் சந்தேகப்படுகிறாயா’ என்றோ ‘உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்’ என்றோ கேள்வி வரும் என்ற அச்சம் பல பெண்களை வாய் மூட வைக்கிறது. அந்த மௌனத்தைப் பெண்ணின் குற்றமாக யாரும் எண்ணக் கூடாது.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். கணவர் ஊருக்கு வந்தவுடன் இருவரும் சேர்ந்து போய்ச் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹெப்படைட்டிஸ் பி, எச்.ஐ.வி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துக்கொள்வதை ஒரு வழக்கமாக்கிவிட்டால், அதில் யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது. சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு, மூன்று மடங்கு கூட்டுவதால் அந்தப் பரிசோதனையும் வீண்போகாது.

கர்ப்பகாலப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ‘நீதான் கொண்டுவந்தாய்’ என்கிறார்கள். உண்மையில் யாரிடமிருந்து வந்தது?

முதலில் கண்டறியப்பட்டவர்தான் முதலில் தொற்றுப் பெற்றவர் என்பது தவறு. கருவுற்ற பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வழங்கப்படுகிறது. கணவர்மார்களில் பலர் செய்துகொள்வதே இல்லை. ஆகவே ஒரு குடும்பத்தில் தொற்று பெண்ணின் பெயரில் முதலில் பதிவாவது, பரிசோதனை நடக்கும் முறையின் விளைவே தவிர, தொற்று வந்த வழிக்குச் சான்றாகாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டபோதும் பரிசோதிக்கப்பட்டவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்களே. அந்த நாள் தொட்டு இந்த நோயின் பழி பெண்ணின் தலையிலேயே கிடக்கிறது. பரிசோதனையை மேற்கொண்ட மருத்துவர் சுனிதி சாலமன் பிற்காலம் முழுவதும் இந்தப் பழியை எதிர்த்துப் பேசியும் நோயாளிகளைப் பராமரித்தும் வாழ்ந்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். தொற்றுள்ள பெண்களே ஒன்றுசேர்ந்து தங்களுக்காகப் பேச, 1998இல் பி. கௌசல்யா சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

குழந்தையைப் பற்றி அஞ்ச வேண்டாம். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை உண்டு. கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மருந்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதும் இல்லை. கணவரும் பரிசோதனை செய்துகொள்வது அவருடைய உயிருக்கே நல்லது. பழியைப் பிரித்துக்கொடுப்பதற்காக அல்ல.

அம்மை போட்டவரைக் கர்ப்பிணிப் பெண் கவனித்துக்கொள்ளலாமா?

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் ஊரில் இந்தக் கேள்விக்குப் பணிவோடு பதில் சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதும், வெளியார் வருவதைத் தவிர்ப்பதும், நோயாளிக்கு ஓய்வும் குளிர்ந்த உணவும் தருவதும் நல்ல பழக்கங்களே; ஆட்கள் வந்துபோவது குறைவதால் பரவலும் குறைகிறது. ஆனால் அந்த வீட்டிலேயே இருந்து பணிவிடை செய்பவர் எப்போதும் ஒரு பெண். அவர் கருவுற்றவரா, அவருக்கு முன்பு அம்மை வந்ததுண்டா என்று யாரும் கேட்பதில்லை.

சின்னம்மை முன்பு வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிக்கு அது தொற்றினால் நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். முதல் 20 வாரங்களில் தொற்றினால் சிறு விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு நேரலாம். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் வந்தால் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எனவே ஏற்கெனவே அம்மை வந்து போன ஒருவர், அவர் ஆணாக இருந்தாலும் சரி, பணிவிடையை ஏற்க வேண்டும். கர்ப்பிணி நெருங்கிப் பழகிவிட்டார் என்றால், தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால் பயன்படும் தடுப்புச் சிகிச்சை இருக்கிறது. அம்மை கண்டவருக்கு மூச்சுத் திணறலோ, மயக்கமோ, ஓயாத வாந்தியோ இருந்தால் தண்ணீர் ஊற்றும் நாள் வரை பொறுத்திருக்கக் கூடாது.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொற்று என்கிறார்கள். ஒழுக்கமாக வாழ்ந்த பெண்ணுக்கு எப்படி வரும்?

ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவு கொண்ட பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றுகிறது; ஆண்களுக்கும் தொற்றுகிறது, அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. தன் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் கணவர் வழியாக அது வரும். பெரும்பாலானோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதை வென்றுவிடுகிறது. சிலரிடம் தங்கி, பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு புற்றாகிறது. இந்த வைரஸுக்கும் புற்றுக்கும் உள்ள உறவைக் கண்டறிந்ததற்காகவே ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம்.

அந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பெண்ணுக்குக் கிடைத்த வாய்ப்பு. ஒருமுறை பார்த்திருந்தாலே புற்றாகும் முன் தடுத்திருக்கலாம். ஆனாலும் இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 24 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 77 ஆயிரம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. இத்தனைக்கும் இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நமக்கு அருகிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்து 2007இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செவிலியர்கள் செய்ததாலேயே இந்நோயின் இறப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குத் தடுப்பூசி போட்டால் பாதுகாப்பு மிகச் சிறப்பாக அமைகிறது. மகளுக்குத் தடுப்பூசி போடுவது அவளைத் தவறான வழிக்கு அனுப்புவதாகும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

பெண் மருத்துவர் இல்லை என்பதாலேயே பலர் போகத் தயங்குகிறார்கள் என்பதை அறிவேன். பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசி உயிரை விட்ட காலத்தில்தான், புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி எதிர்ப்புகளைக் கடந்து படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவருடைய முயற்சியில்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்று இந்தப் பரிசோதனையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற பெண் செவிலியர்களே. போகும் முன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே?

நிறமும் நாற்றமும் இல்லாத இலேசான வெள்ளைப்படுதல் இயல்பு. நாற்றம், அரிப்பு, தயிர் போன்ற திரள், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, உடலுறவுக்குப் பின் இரத்தம் ஆகியவற்றுள் ஏதாவது இருந்தால் அது நோய். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் குடித்துக்கொண்டே மாதங்களைக் கடத்தினால் தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறும்.

நீர்க்கடுப்புக்கு வேலையிடமே பெரிய காரணம். ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணும், நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையில் மண் அள்ளும் பெண்ணும், கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், நீரை அடக்குகிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. உட்காரும் உரிமைக்கே சட்டம் வேண்டியிருந்தது என்றால், கழிப்பறைக்குப் போய்வர இடைவேளை கேட்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். வேலை தருபவர்கள் சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை அமைப்பது நோய்த்தடுப்புப் பணி.

குழந்தை இல்லை என்று பல கோயில்களுக்குப் போய்விட்டோம். இதற்கும் தொற்றுக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். கருக்குழாயையும் கருப்பையின் உட்படலத்தையும் தாக்கும் காசநோய், இந்தியாவில் குழந்தையின்மைக்கான காரணங்களுள் ஒன்று. வலியோ இருமலோ இல்லாமல், மாதவிடாய் குறைவதோ நிற்பதோ மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும். சிகிச்சை அளிக்கப்படாத பால்வினைத் தொற்றுகளும் குழாயை அடைத்துவிடும். அவற்றைக் கணவரிடமிருந்தே பெற்ற பெண்ணை ‘மலடி’ என்று ஊர் சொல்வது எத்தனை பெரிய அநீதி! விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு. ஆணை முதலில் பரிசோதிப்பதே முறை. இருவரும் ஒரே நாளில் போகட்டும்.

டெங்கு வந்தால் வீட்டுப் பெண்கள் சுத்தமாக இல்லை என்கிறார்கள். சரியா?

முழுக்கச் சரியில்லை. குழாயில் நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அண்டாவிலும் டிரம்மிலும் பிடித்துவைக்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அந்தத் தண்ணீரில் வளர்கிறது. பகல் முழுவதும் வீட்டில் இருப்பவரைக் கடிக்கிறது. முட்டைகள் பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி இறுக மூட வேண்டும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தில், தேங்கும் மழைநீருக்கு வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பொறுப்பேற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் அல்ல.

தனியாக வாழும் ஆச்சிமார்களுக்கு என்ன கவனிப்பு வேண்டும்?

பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி தனக்கென்று உலை வைக்க மனமில்லாமல் காபியும் பிஸ்கட்டுமாக நாளைக் கழிப்பதுண்டு. வயது, சர்க்கரை, ஊட்டக்குறைவு மூன்றும் சேர்ந்தால் உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளும். போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்வதை மட்டும் நம்பாமல், எடை குறைந்திருக்கிறதா என்று நேரில் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து வருகிறது. வரும் பணியாளரிடமே இருமலையும் சொல்லலாம்.

தாமதத்தைக் குறைக்க எது உண்மையில் உதவுகிறது?

பணமும் போக்குவரத்தும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. இவற்றை நலத்திட்டம் என்று மட்டும் பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகப் பேருந்துக் காசைக் கணவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்த பெண்ணின் நிலையை அறியாதவர்கள். அடுத்த தடை நேரம். புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது. பெண்ணுக்கு மிக நெருக்கடியான பொழுதும் காலைதான். அந்த ஒரு நாள் கணவர் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால், இந்தக் கட்டுரையின் பல அறிவுரைகளை விட அது பயன்படும்.

காசநோய் மருந்து ஆறு மாதம். கருத்தடை மாத்திரை, கர்ப்பம், தாய்ப்பால் எல்லாம் என்ன ஆகும்?

சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசின் மருந்து, கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும். ஆகவே ஆணுறை, காப்பர்-டி போன்ற வேறு முறை தேவை. இதைச் சொல்லாமல் மருந்து கொடுத்து அனுப்பினால், திட்டமிடாத கர்ப்பத்தின் சுமையும் பெண்ணின் மீதே விழும். வழக்கமான முதல்நிலை மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்துவதே தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் இயல்பு, இரத்தம் அல்ல.

என் நோயைக் கணவர் வீட்டாரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

காசநோய் என்றால் உடன் வாழ்பவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதால் வீட்டில் சொல்வது அவசியம். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே சொல்ல அஞ்சினால் சுகாதாரப் பணியாளரைச் சொல்லவைக்கலாம். மருந்து இலவசம், நோய் குணமாகும் என்பதை வெளியாள் ஒருவர் வந்து சொல்லும்போது வீட்டார் அமைதியாகக் கேட்பதுண்டு.

எச்.ஐ.வி.க்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, நிலையை வெளியிடவோ பொதுவாக யாருக்கும் உரிமை இல்லை. துணைவருக்கு மருத்துவர் தெரிவிக்கலாம் என்ற விதிவிலக்கிலும், அதனால் பெண்ணுக்கு அடியோ கைவிடப்படும் நிலையோ நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் தெரிவிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. அப்படி ஓர் அச்சம் இருந்தால் ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097, காசநோய்க்கு 1800-11-6666, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, வீட்டில் வன்முறை என்றால் 181 ஆகிய எண்களை அழைக்கலாம்.